தங்க ஹெல்மெட்

ராய்மோவுக்கு இல்மரியைக் கண்டால் வயிறு எரியும். இன்று நேற்றல்ல, ஒரே அணியில் சேர்ந்து ஆடும் பதினோரு வருடமாக எரிகிறது.

ஃபின்லாந்தில் ஐஸ் ஹாக்கி அணி ஒவ்வொன்றிலும் அதிகப் புள்ளி சேர்த்தவன் தலையில்தான் தங்க நிற ஹெல்மெட் ஏறும். கோல் போட்டாலும் ஒரு புள்ளி, அதற்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி. கொய்வுலா ஊர் அணியில் அந்த ஹெல்மெட் பதினாறு வருடமாக இல்மரியின் தலையை விட்டு இறங்கவில்லை. பெரிய ஊர்க்காரர்கள் கூப்பிட்டும் போகாமல் இங்கேயே ஆடியவன் என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பேக்கரியில் அவன் பெயரில் ஒரு பன் உண்டு. அவன் கோல்களில் பாதிக்கு ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுத்த ராய்மோவின் பெயரில் ஒரு ரஸ்க் கூடக் கிடையாது.

இந்த சீசனோடு ராய்மோ ஓய்வு பெறுகிறான். அதற்குள் ஒரே ஒரு ஆட்டமாவது அந்த ஹெல்மெட்டைப் போட்டுவிட வேண்டும். கடைசிக்கு முந்தைய ஆட்டம் முடிந்தபோது அவன் இல்மரியைவிட ஒரு புள்ளி குறைவு. ஆனால் அன்றைய கடைசி கோலுக்குப் பாஸ் கொடுத்தது இல்மரி என்று ஒலிபெருக்கியில் தப்பாக அறிவித்திருந்தார்கள். வட்டு போனது ராய்மோவின் மட்டையிலிருந்து.

மறுநாள் காலை முதல் வேலையாக, புள்ளி எழுதும் ஹில்க்காவின் மேசை முன்னால் போய் நின்றான்.

"அந்தக் கடைசி பாஸ் என்னோடதுங்க. வீடியோவைப் போட்டுப் பாருங்க."

"பார்த்தாச்சு, மாத்தியும் ஆச்சு. நேத்தே ஒருத்தர் போன் பண்ணிச் சொல்லிட்டார். இப்ப நீங்கதான் ஒரு புள்ளி முன்னால. காபி குடிக்கிறீங்களா?"

யார் என்று அவன் கேட்கவில்லை. காபியும் குடிக்கவில்லை. சந்தோஷத்தில் தொப்பியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான்.

கடைசி ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் ராய்மோவின் கொக்கியில் தங்கம் தொங்கியது, இல்மரியின் கொக்கியில் கறுப்பு. போட்டுக்கொண்டு மூன்று முறை கண்ணாடி பார்த்தான்.

"போதும்டா, கண்ணாடி தேஞ்சிடும்" என்று சிரித்தான் இல்மரி.

இவனுக்கு வயிறே எரியாதா என்று ராய்மோவுக்கு அதற்கும் சேர்த்து எரிந்தது.

எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் தங்கத்தைத் துரத்தியே பழகியவர்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தலை யாருடையது என்று பார்க்காமல் இரண்டு பேர் வந்து ராய்மோவை மைதான ஓரத்துப் பலகைச் சுவரோடு வைத்து நசுக்கினார்கள். எழுந்தான், மறுபடி நசுக்கினார்கள். விலாவில் ஒன்று, வாயில் ஒன்று. அந்தப் பக்கம் கறுப்பு ஹெல்மெட் ஆளில்லாத தெருவில் போவது போலப் போய் மூன்று கோல் போட்டது. புள்ளிப் பட்டியலில் மறுபடி இல்மரியே முதல்.

ஆட்டம் முடிந்து சௌனா என்ற நீராவிக் குளியலறையின் மேல்படியில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ராய்மோ உடைந்த பல்லை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஹில்க்காவுக்குப் போன் பண்ணது நீதானே?"

"ஆமா."

"எனக்குப் பிச்சை போட்டியா?"

இல்மரி சூடான கற்கள்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான்.

"உன் புள்ளி, உனக்குக் குடுத்தேன். அது பாதி."

"மீதி?"

"உன்னைப் பார்த்து எனக்குப் பதினோரு வருஷமா வயித்தெரிச்சல்டா. ஆட்டம் முடிஞ்சா விசிலடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போற. பஸ்ஸுல முழு ஆப்பிளை நறுக்குனு கடிக்கிற. எனக்குக் காலைல படுக்கைய விட்டு எழுந்திரிக்கப் பொண்டாட்டி கை குடுக்கணும். ஒரு நாளாவது அந்த அடி உனக்கு விழட்டும்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டுப் பல்செட்டைக் கழற்றிப் பலகைமேல் வைத்தான். பதினோரு வருடம் இதே படியில் உட்கார்ந்து ராய்மோ அவன் கோல்களைத்தான் எண்ணியிருக்கிறான், விலாவிலிருந்த தழும்புகளைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று மனதில் குளிர்ந்தது. தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஓர் ஆள் இருந்திருக்கிறான், அதுவும் இல்மரி.

"இந்த வருஷத்து ஆப்பிள்" என்றான் ராய்மோ, நாக்கால் மிச்சப் பற்களைத் தடவிக்கொண்டே, "ரொம்ப இனிப்புடா."