விளக்கு எரிகிற கிணறு

"வாஷரை மட்டும் மாத்துங்க, போதும். புது டேப்பு வித்தா எனக்கு லாபந்தான். ஆனா நான் அந்த ஜாதி இல்ல."

ஆரியசாலைக் கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்கு செல்வமணி பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எலெக்ட்ரீஷியன் வேலாயுதன் வியர்வையோடு உள்ளே வந்தார்.

"ஸ்ரீவராகம் பக்கம் ஃபேன் மாட்டப் போனேன், சேச்சி. ஒன்பது மணியிலேர்ந்து கரண்ட் இல்ல. லைன் மாத்துறாங்க. சாயந்தரம் அஞ்சு மணி ஆவுமாம்."

செல்வமணியின் கை அப்படியே நின்றது.

அவள் விற்பது பைப்பும் பம்பும் பெயிண்டும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது அவளுடைய குரல். 'வீட்டு டாக்டர்' என்று ஒரு வாட்ஸப் குரூப். நானூற்றுச் சொச்சம் வீட்டுக்காரர்கள். மாடியில் ஊறல், சுவரில் பூஞ்சை, வாசலில் கறையான், எது கேட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் அவள் குரல் பதிலாக வந்துவிடும். இதுவரை ஒரு பதிலும் தப்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஸ்ரீவராகத்தில் இருந்து முந்தாநாள் கேட்டவர் பூதலிங்கம். ரிட்டையரான ஆடிட்டர். 'கிணறு தூர் வாரணும், சேச்சி. பம்பு மேலே இருந்தா பாதித் தண்ணிதான் வத்துது. அடித் தண்ணியை எப்படி எடுக்க?'

அவள் சொன்ன பதில் அவளுக்கே மனப்பாடம். 'இருபத்தஞ்சு அடிக்குக் கீழே தண்ணி போயிட்டா எந்தப் பம்பும் மேலே இருந்து உறிஞ்சாது. கிணத்துக்குள்ளே குறுக்கே பலகை கட்டி, பம்பைப் பாதிக்கு எறக்குங்க.'

அவள் மனசில் இருந்தது கரண்ட் மோட்டார். வாயால் அதைச் சொல்லவில்லை.

இன்றைக்கு அங்கே கரண்டே இல்லை.

போனை எடுத்தாள். காலையில் பூதலிங்கம் ஒரு படம் அனுப்பியிருந்தார். 'சேச்சி சொன்ன மாதிரியே' என்று கீழே ஒரு வரி. அப்போது பார்க்காமலே கட்டைவிரல் போட்டுவிட்டிருந்தாள். இப்போது விரலால் பெரிதாக்கினாள்.

கிணற்றுக்குள் பலகை. பலகைமேல் பம்பு. பம்பின் தலையில் சிவப்பு நிறத்தில் பெட்ரோல் டேங்க்.

"வேலாயுதண்ணா, கடையைப் பார்த்துக்கோங்க!"

பெட்ரோல் எஞ்சின் விடும் புகை கிணற்றுக்குள் போனால் எங்கே போகும்? எங்கேயும் போகாது. அங்கேயே நிற்கும். யாராவது இறங்கும்வரை.

பூதலிங்கத்தை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

வாசலில் நின்ற ஆட்டோவில் தாவி ஏறினாள். டிரைவர் தாசையன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"என்ன சேச்சி இந்தப் பாய்ச்சல்? ஆஸ்பத்திரிக்கா?"

"கிணத்துக்கு. ஸ்ரீவராகம்."

"கிணறு எங்கயும் ஓடிப் போயிராது."

"ஆளு போயிருவான், அண்ணாச்சி. விடுங்க!"

கிழக்கேகோட்டை நெரிசலில் தாசையன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அவள் பூதலிங்கத்தின் வீட்டுக்குள் ஓடியபோது, ஆளில்லாத கூடத்து மேஜையில் அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. பின்கட்டில் பம்புச் சத்தம் இல்லை. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது.

கிணற்றடியில் பூதலிங்கமும் அவர் மகன் வினீத்தும் நின்றிருந்தார்கள். மேலே தொங்கிய ராட்டில் உருளை வழியாக ஒரு கயிறு கிணற்றுக்குள் போயிருந்தது.

"அடடே, சேச்சியே வந்துட்டாங்களே!" பூதலிங்கம் சிரித்தார். "அரை மணி நேரம் ஜோரா இறைச்சுது. இப்பப் பெட்ரோல் தீந்துட்டு. வன்னியபெருமாள் ஊத்தப் போயிருக்கான்."

செல்வமணி எட்டிப் பார்த்தாள். பதினைந்தடி கீழே, கல்லிடுக்கில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தான் ஒருவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவன். இடுப்பில் கயிறு, கையில் பெட்ரோல் கேன்.

"தம்பி, மேலே வா! உடனே ஏறு!"

"இந்தா முடிஞ்சிருச்சுக்கா. லேசாத் தலை வலிக்கு, அவ்வளவுதான்."

"வெளியே கூப்பிடுங்க சார் அவனை! உள்ளே விஷப் புகை!"

பூதலிங்கத்தின் முகம் சுருங்கியது. "அதெல்லாம் பார்த்தாச்சு. விளக்கு எறக்கிப் பார்த்துட்டுத்தானே அவனை விட்டோம். நீங்க சொல்லித் தந்ததாக்கும். டேய் வினீத், அதைப் போடு."

வினீத் தன் போனைத் தட்டினான். செல்வமணியின் குரலே கிணற்றடியில் கணீரென்று கேட்டது.

'ஆளு எறங்கும் முன்னாடி விளக்கை எறக்குங்க. எரிஞ்சா தைரியமா எறங்கலாம். இடுப்புல கயிறு மறக்காதீங்க.'

"விளக்கு நல்லா எரிஞ்சுது, சேச்சி. ஒரு குழப்பமும் இல்லல்லோ!" என்றான் வினீத்.

போனில் பேசியவள் அத்தனை நிச்சயமாகப் பேசினாள். நேரில் நிற்பவளுக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் எந்தக் குரலை நம்புவார்கள்?

"அது தப்பு," என்றாள் செல்வமணி.

"எது?"

"நான் சொன்னது தப்பு சார்! காத்து இல்லேன்னாத்தான் விளக்கு அணையும். எஞ்சின் புகையில விளக்கு எரியும், மனுசன்தான் அணைவான். பம்பை எறக்கச் சொன்னதும் தப்பு. ரெண்டும் நான் சொன்னதுதான். இழுங்க!"

கீழே கேன் எதிலோ மோதும் சத்தம். பிறகு தண்ணீரில் விழும் சத்தம்.

"வன்னியபெருமாள்!" பூதலிங்கம் கத்தினார்.

கயிறு சடாரென்று விறைத்து, ராட்டில் கிறீச்சிட்டது.

வினீத் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை வைத்தான். செல்வமணி அவன் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"விடுங்க சேச்சி! ஆள் செத்துப்போவான்!"

"நீ எறங்கினா உன்னை இழுக்கக் கயிறு இல்லடா! இருக்கிற கயித்தைப் பிடி!"

பின்னாலேயே வந்திருந்த தாசையன் கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். நான்கு பேர். ஒரு இழுப்பு. இன்னொன்று. செல்வமணியின் உள்ளங்கை உரிந்து கயிறு சிவந்தது. சுவரின் விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்த தலை. வெற்றிலை போட்டதுபோல் சிவந்த உதடு.

மூச்சு இருந்தது. நூல் மாதிரி.

தாசையனின் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, அவன் தலை செல்வமணியின் மடியில் இருந்தது.

முகமூடி போட்டு ஆக்சிஜன் ஏற்றிய ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். கண் விழித்துவிட்டானாம். 'பம்பு மேலே வந்துருச்சா?' என்று கேட்டானாம். ஆனால் இரண்டு நாள் பார்க்க வேண்டும், மூளையில் என்ன பாதிப்பு என்று இப்போதே சொல்ல முடியாது என்றார்.

பூதலிங்கம் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். செல்வமணி பஞ்சு சுற்றிய கையால் போனைத் திறந்து, அந்த இரண்டு குரல் பதிவுகளையும் குரூப்பிலிருந்து அழித்தாள். புதிதாக ஒன்று பேசி அனுப்பினாள். "செல்வமணி பேசுறேன். கிணத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு. எஞ்சினை உள்ளே எறக்காதீங்க. விளக்கை நம்பாதீங்க." அப்படி ஒரு வாக்கியத்தை அந்தக் குரூப் இதுவரை கேட்டதில்லை.

பக்கத்தில் நின்ற வினீத் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினான்.

"என்னடே?"

"சேச்சி... அந்த ரெண்டு வாய்ஸையும் நான் வேற குரூப்புக்கும் போட்டிருந்தேன். எங்க தெரு குரூப்பு. ஆபீஸ் குரூப்பு. அப்புறம் நாகர்கோவில்ல மாமாவோட ஃபிளாட் குரூப்பு. நல்ல உபகாரம் ஆவும்னுதான்... நீங்க அழிச்சாலும் அங்கெல்லாம் கிடக்கும்."

"கிணறு உள்ளவங்க யாரு யாரு?"

"எனக்கு அறிஞ்சூடா, சேச்சி. ஒண்ணும் தெரியல."

கோடை. ஊர் முழுக்கத் தூர் வாரும் காலம்.

"நம்பரைச் சொல்லு. ஒண்ணு விடாம. நீ பாதி, நான் பாதி."

அவன் முதல் நம்பரைச் சொன்னான். செல்வமணி அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.