வாலில்லாத தேள்

தச்சநல்லூரில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் ஃபேஸ்புக் பக்கம் என் பொறுப்பு. பிள்ளைகள் சம்மதிக்காமல் யார் முகத்தையும் போடக்கூடாதாம். பெற்றவர்களை யாரும் கேட்பதில்லை.

வடிவம்மாள் ஆச்சியின் மகன் சம்மதிக்கவில்லை. அம்மா பெங்களூரில் தன் வீட்டில் இருப்பதாக ஆழ்வார்குறிச்சி உறவுகளிடம் அளந்துவிட்டவர் அவர்.

"முகந்தானே கூடாது? பூக் கட்டுத கையப் போடு," என்றார் ஆச்சி.

போட்டேன். சின்ன வயதில் பச்சை குத்தியபோது ஆச்சி வலியில் கையை உதறியதால் வால் இல்லாமல் நின்றுபோன தேள், படத்தில் பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் கமெண்டில் கூடிவிட்டார்கள். "இது வடிவு மதினி கைதானே? பெங்களூர்ல தச்சநல்லூர் எங்கன இருக்கு?"

மகன் போனில் கத்தினார். "முகமே இல்லையே சார்," என்றேன்.

ஆச்சி கையைத் தடவிக்கொண்டார். "வாலில்லாத தேளு எப்படிக் கொட்டிட்டு பாத்தியா."