நான் இருக்கேன்ல

அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா கேட்டார்.

“அண்ணன் எங்கயாவது இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்காரா? உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?”

அவள் பையை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அழுத முகம்தான். ஆனால் அந்தக் கேள்வியை வீடு போய்ச் சேரும்வரைகூட அவரால் அடக்கி வைத்திருக்க முடியவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆபீஸில் அப்பா நாற்காலியிலிருந்து சரிந்தபோது கை பட்டு ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்துவிட்டதாம். இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறதாம். எல்லா வரைபடமும் அதில்தான் இருக்கிறதாம். நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலுக்குக் கூரை கான்கிரீட் போடுகிறார்களாம். கான்ட்ராக்டர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாராம்.

“அம்மாவுக்கு இன்னும் சொல்லலை,” என்றாள் அவள். “முதல்ல அதைப் பார்ப்போம்.”

மூன்று வருடம் அவளும் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவள்தான். கட்டடங்களுக்குத் தூண், பீம், கம்பிக் கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கிற சின்ன ஆபீஸ். அப்பா, சித்தப்பா, வரைபடம் போடுகிற ஒருவர். அந்த ஒருவர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘ஸ்கேல்’. அவருடைய நிஜப் பெயர் சம்பள நாளில் மட்டும் நினைவுக்கு வரும்.

படிப்பை முடித்துவிட்டு வந்த முதல் மாதமே அவள் கண்டுகொண்டாள், ஆபீஸின் மொத்த உயிரும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்று. சோப்புப் பெட்டி அளவில், மேசை ஓரத்தில், வயர் தொங்கத் தொங்க. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வருடம் அவளே இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தாள். தினமும் சாயங்காலம் தானாகவே அதில் ஒரு நகல் விழும்படி செய்தாள். தீ பிடித்தாலும் திருடு போனாலும் இருக்கட்டும் என்று இன்டர்நெட்டில் வேறோர் இடத்துக்கும் ஒன்று போகும்படி வைத்தாள். இரண்டே வாரம். வரைபடம் திறக்க நேரமாகிறது என்று அப்பா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இரண்டாவது டிஸ்கை உறவுக்காரர் கல்யாண வீடியோ ஏற்றுவதற்குக் கொடுத்துவிட்டார்.

அன்று ஆபீஸில் நடந்தது பெரிய சண்டை. ஸ்கேல் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். டிஸ்க் போனால் என்ன செய்வீர்கள் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா நெற்றிப் பொட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

“எல்லாம் இங்க இருக்கு. நான் இருக்கேன்ல.”

அடுத்த மாதம் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, மழை, அம்மாவின் முழங்கால் வலி பற்றி எல்லாம் பேசுவார்கள். ஆபீஸ் பேச்சு மட்டும் வராது. வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

மதியத்துக்குள் அப்பாவை வீட்டுக் கூடத்தில் கிடத்தியாகிவிட்டது. அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து போர்வையின் விளிம்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அது எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. வந்தவர்கள் அப்பாவின் ஞாபக சக்தியைப் பற்றிப் பேசினார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் போட்ட வீட்டின் அஸ்திவார ஆழத்தைக் காகிதம் பார்க்காமல் சொல்லுவாராம். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். அவள் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தலையைத்தான் இப்போது ஒரு துணியால் நாடியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. அதை எந்தக் கடையில் கொடுத்துத் திறப்பது? இப்படி நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. உடனே, இப்படி நினைக்க வைத்தாரே என்று அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

ஸ்கேல் அவளை வாசலுக்கு வெளியே கூப்பிட்டார். நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆம்புலன்ஸில் அப்பாவோடு போனது அவர் ஒருவர்தான். சித்தப்பா வரவில்லை. தரையில் கிடந்த டிஸ்கை எடுத்து வயரை மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போதும் அவர் மேசைக்கு அடியில்தான் இருந்தார்.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம்,” என்றார் ஸ்கேல். அவர் சட்டையின் தோளில் அப்பாவின் வாந்திக் கறை காய்ந்திருந்தது.

சித்தப்பா பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த டிஸ்க். அவள் அவர் எதிரில் போய் நின்றாள். கத்தக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனாள்.

“கீழ விழுந்த டிஸ்கை மறுபடி ஓடவிட்டா உள்ள இருக்கறதும் கீறிப் போயிடும். எத்தனை தடவை போட்டீங்க?”

அவர் டிஸ்கை உள்ளங்கையால் துடைத்தார்.

“அப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்க. நீங்க இதைப் பாத்துட்டு இருந்திருக்கீங்க.”

சித்தப்பா டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

“அண்ணனைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இதுல மட்டும் டக்கு டக்குன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சும்மா.”

 அவள் டிஸ்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். அப்போது அவர் மடியிலிருந்த அப்பாவின் போன் அடித்தது. திரையில் கான்ட்ராக்டர். சித்தப்பா அதையும் அவளிடமே கொடுத்தார்.

கான்ட்ராக்டர் முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு, சிரமமான நேரம்தான், ஆனால் கலவை லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்கள் வந்துவிடுவார்கள், சார் இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார் என்றார். கையில் என்ன வரைபடம் வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பழைய தாள்தான் என்று சொல்லி அவர் மீதியையும் விவரித்தார். அந்தக் காகிதத்தில் ஹாலுக்கு நடுவில் ஒரு தூண் இருந்தது. பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று பள்ளிக்கூடம் அந்தத் தூணை எடுக்கச் சொல்லி, அப்பா ஒப்புக்கொண்டு, அதற்காகப் புதிதாக வரைந்துகொண்டிருந்திருக்கிறார். தூண் போய்விட்டது. அது தாங்க வேண்டிய பாரத்தை இனி எந்த பீம் தாங்கும், எந்தக் கம்பியோடு, என்பது செத்துப்போன டிஸ்கில் இருந்தது.

“எல்லாம் சார் போன்ல சொன்னபடிதான் கட்டியிருக்கு,” என்றார் கான்ட்ராக்டர்.

“என்ன சொன்னார்?”

“அது மேஸ்திரிக்குத் தெரியும்.”

இன்னொரு தலை, என்று நினைத்தாள். இன்னொரு ‘நான் இருக்கேன்ல’.

சித்தப்பா மெதுவாக, அண்ணன் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார், போடட்டுமே, என்றார். அவள் அவரைப் பார்க்காமல் போனில் பேசினாள்.

“நாளைக்கு ஒரு சட்டி கலவைகூட மேல ஏறக் கூடாது. மீறி ஏத்தினீங்கன்னா இங்க எல்லாத்தையும் போட்டுட்டு நான் அங்க வந்து கம்பி மேல உக்காருவேன். என் தலையிலதான் கொட்டணும்.”

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா, சாவு வீட்டில் இந்தப் பெண் போடுகிற சத்தத்தைப் பார் என்று முணுமுணுத்தாள். அம்மா மட்டும் தலையைத் தூக்காமல், போர்வையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

“அவ பேசட்டும்.”

மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. டிஸ்கைப் பழுது பார்க்கிறவர்களிடம் கொடுத்தனுப்பினாள். காதில் வைத்துக் கேட்டதுமே அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கொஞ்சம் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம், இத்தனை தடவை ஓட்டாமல் இருந்திருந்தால் வேறு பேச்சு என்றார்கள். அதற்கு அடுத்த நாள் அவள் ஸ்கேலைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் போனாள்.

கூரையில் பலகை அடித்து, அதன்மேல் கம்பி கட்டி அப்படியே நின்றது. வெயில் ஏறியிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பிகளுக்கு நடுவே கால் வைத்து வைத்துப் போனாள். ஒவ்வொரு பீமாகக் குனிந்து கம்பிகளை எண்ணினாள், தடிமனை அளந்தாள், இடைவெளிக்கு டேப் பிடித்தாள். அவள் சொல்லச் சொல்ல ஸ்கேல் வெள்ளைத் தாளில் குறித்துக்கொண்டார். பழைய வரைபடத்தோடு ஒத்துப்போன இடங்களில் வேகமாக நகர்ந்தாள்.

தூண் இல்லாமல் போன இடத்துக்கு வந்தபோது மேஸ்திரியும் பின்னாலேயே வந்தார். பழைய தாளில் அங்கே பதினாறு மில்லி கம்பி. அவள் உடம்பை மடக்கி, பீமுக்காக அடித்திருந்த பலகைப் பெட்டிக்குள் கையை விட்டாள். கீழ் வரிசைக் கம்பிகள் கைக்குத் தடித்துத் தெரிந்தன. நடுவில் இன்னொரு வரிசையும் இருந்தது. அவற்றைச் சுற்றிக் கட்டிய வளையங்கள் நெருக்கமாக, இரு முனைத் தூண்களை நோக்கிப் போகப் போக இன்னும் நெருக்கமாக. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அவளே போட்டுப் பார்த்த கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது. அவள் ஒரு கம்பி குறைத்திருந்தாள். எதற்கு அந்த ஒன்று கூடுதல் என்று யோசித்தாள். ஹாலுக்கு மேலே பிற்பாடு ஒரு மாடி கட்டுவார்கள் என்று நினைத்திருப்பார். அல்லது வேறு ஏதாவது. கேட்டால் சொல்லியிருப்பார்.

“இதைச் சொன்னது எப்ப?” என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

சார் விழுந்த அன்றைக்குக் காலையில்தான், ஆபீஸ் போனதும் போன் பண்ணினார் என்றார் மேஸ்திரி. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது, என்ன சார் என்று கேட்டதற்கு மாடிப்படி ஏறி வந்தேன் என்றாராம்.

அவள் கம்பியைப் பிடித்தபடியே குனிந்திருந்தாள். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

“எழுதி வெச்சிருக்கலாம்ல,” என்றாள் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு. குரல் பலகைகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டது.

ஸ்கேல் பென்சிலோடு ஒரு அடி கிட்டே வந்தார். “சரியா கேக்கலை மேடம். என்ன அளவு சொன்னீங்க?”

அவள் கம்பியின் தடிமனை மறுபடி அளந்து பார்த்தாள்.

“இருபத்தஞ்சு மில்லி,” என்றாள்.