பீச் மரத்துக்குப் போர்த்திய கம்பளி

எங்கள் மாளிகைத் தோட்டத்து மதிலுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. செங்கல்லுக்குள் புகை ஓட வழிவிட்டுக் கட்டிய மதில். பின்பக்க அடுப்பில் நாங்கள் நிலக்கரியை அள்ளிக் கொட்டுவோம். முன்பக்கம் பீச் பழ மரங்கள் கைகளை விரித்துச் சுகமாகச் சாய்ந்திருக்கும். தோட்டக்காரர்கள் படுக்கும் கொட்டகைக்கு மட்டும் கரி கிடையாது. எங்கள் சீமைக் குளிரில் மார்ச் மாதத்தில்கூட வாளித் தண்ணீர் உள்ளேயே உறைந்துவிடும்.

அந்த மார்ச்சில் என்னோடு வேலை செய்த சைலஸுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. தலைமைத் தோட்டக்காரர் போப்ஜாயிடம் போய்க் கரி கேட்டேன்.

"பூ விட்டிருக்கிற நேரத்துல வந்து கரி கேக்குறியே, அறிவிருக்கா?"

"சைலஸ் செத்துருவான் போலிருக்குங்கய்யா."

"அவன் பூ விட்டிருக்கானா?"

சாயங்காலம் அவரே கொட்டகைக்கு வந்தார். நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்; என் புத்தி அவ்வளவுதான். உறைபனி விழப்போகிறதாம், பூ கருகிவிடுமாம். எங்கள் கம்பளிகளை எல்லாம் உருவி, சைலஸ் மேல் கிடந்ததையும் விடாமல், மரத்துக்குப் போர்த்தச் சொன்னார்.

சொன்னபடியே போர்த்தினேன். இருட்டியதும் சைலஸைத் தூக்கிக்கொண்டு போய், கம்பளிக்கும் மதிலுக்கும் நடுவே வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தேன். அன்றைக்கு அடுப்புக்குக் கரி தாராளமாகவே போனது.

காலையில் மாளிகைச் சீமாட்டி விருந்தாளிகளோடு பூப் பார்க்க வந்தாள். போப்ஜாய் பெருமையாகக் கம்பளியை விலக்கினார். உள்ளே சைலஸ், தலையெல்லாம் பூவிதழோடு, வேர்த்துக் கொட்டக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். காய்ச்சல் இறங்கியிருந்தது.

சீமாட்டி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ பாவம்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு பூ உதிர்ந்துபோச்சு, போப்ஜாய்?"

சத்தம் கேட்டு எழுந்த சைலஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் வந்து படுத்தேம்மா" என்றான். மத்தியானத்துக்குள் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கம்பளிகளின் அடி விளிம்பை இனிமேல் தரையோடு முளை அடித்துக் கட்டவேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

வாசல் வரைக்கும் அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னாலதானேடா உனக்கு வேலை போச்சு."

"அட போடா" என்று சிரித்தான் சைலஸ். "ஒரே ஒரு ராத்திரி மரமா இருந்தேன். என்னமா பாத்துக்கிட்டாங்க!"