போஜிலின் வெள்ளை அணுக்கள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் என் கணவர் போஜிலுக்கு எச்சில்கூட விழுங்க முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"தேன் ஊத்தி ரெண்டு மடக்கு ரக்கியா சாராயம் குடிச்சா சரியாப் போயிடும்" என்றார்.

நான் விடாமல் மில்கானா அக்காவிடம் இழுத்துப் போனேன். எங்கள் மலையூருக்கு அவர்தான் டாக்டர். போஜிலோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே முழுக்கப் புண்.

"தைராய்டைக் குறைக்கிற மாத்திரைய இன்னும் போடுறியா?"

"போடுறேனே. படபடப்பெல்லாம் நின்னுடுச்சு."

அக்காவின் முகம் மாறியது. உடனே ரத்தம் எடுத்தார். "மாத்திரைய இப்பவே நிறுத்து. ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டை விட்டு நகரக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் மறுநாள் அவர் தங்கை மகள் கல்யாணம். "என்னைத் தவிர வேற எவன்டி ஊதுவான்?" என்று ஆட்டுத்தோல் பைக்குழலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் கைகோத்து வட்டமாய் ஆடிக்கொண்டிருந்தார்கள். போஜில் வேர்த்து வழிய ஊதினார். அப்போது அக்காவின் பழைய கார் வந்து நின்றது. வீட்டுச் செருப்போடு இறங்கியவர், ஆடுகிறவர்களைப் பிளந்துகொண்டு போய் அவர் வாயிலிருந்த குழலைப் பிடுங்கினார். ஆட்டம் நின்றது.

"போன் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுது. செவிடாடா நீ?"

"இந்த ஒரு பாட்டை முடிச்சிடறேன், மில்கானா."

"வெள்ளை அணு நாலாயிரமாவது இருக்கணும். உனக்கு அறுநூறு. காய்ச்சல்னா அது ஏறணும்டா, கிருமியோட சண்டை போட. உனக்கு சண்டை போட ஆளே இல்ல. நானே மைக்ராஸ்கோப்புல தேடித் தேடிப் பார்த்தேன். இங்க ஒருத்தர் இருமினாக்கூட நீ தாங்க மாட்டே. ஏறு வண்டியில."

மணப்பெண் முத்தமிட ஓடி வந்தாள். "கிட்ட வராதேம்மா" என்று அக்கா கையை நீட்டித் தடுத்தார். போஜில் வண்டியில் ஏறினார்.

நகர ஆஸ்பத்திரியில் தனியறையில் போட்டார்கள். கிருமிக்கு மருந்து ஏறியது. எலும்பு மஜ்ஜையைத் தூண்ட ஊசி போட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். எண்ணிக்கை இன்னும் இறங்கியது. காய்ச்சலில் அவர் என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். கிளினிக்கை மூடிவிட்டு அக்கா தினமும் மலையிறங்கி வந்தார். எனக்கு மிளகாய் வதக்கலும் ரொட்டியும் கொண்டுவருவார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலடி, பயந்தேன். அந்த மாத்திரை ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படிப் பண்ணும். காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தா பயந்துதான் ஆகணும். பயந்ததாலதான் வெள்ளை அணுவை எண்ணச் சொன்னேன்."

ஒரு காலையில் தாளைக் கொண்டுவந்த நர்ஸ் சிரித்தாள். ஆயிரத்து எண்ணூறு. மறுநாள் மூவாயிரத்தைத் தாண்டியது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எழுந்து கண்ணாடியைத் தட்டினார்.

"டேய், பிழைச்சிட்டே! இனிமே அந்த மாத்திரையத் தொட்டே, நானே கொன்னுடுவேன்."

போஜில் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் ஏதோ செய்தார். கையில் சொருகியிருந்த குழாய் தடுத்தது. இனி மாத்திரை போட முடியாது என்பதால், இலையுதிர் காலத்தில் அவருடைய தைராய்டு சுரப்பியையே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் ஆபரேஷன் அறை வாசலில் அக்கா இருந்தார்.