கிழக்கு மூலையில் ஒரு கணவர்

மூன்றாம் மாடியில் குடியிருந்த காப்பீட்டு அலுவலக மேற்பார்வையாளர், உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு யானைக்குட்டி அளவு எடை கூடினார். இடுப்பு அரை அங்குலம்கூட ஏறவில்லை. தையல்காரியான அவர் மனைவியே டேப் வைத்து அளந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, விருந்தாளிகள் முன்னாலும், அவளை 'மூட்டை' என்றே கூப்பிட்டு வந்தவர் அவர். அவளை வெட்கப்பட வைக்கத்தான் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடியை மாட்டி, அதன் எதிரில் தண்டால் எடுத்தார். தன் புஜத்தில் எதைக் கண்டாரோ, தினமும் அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தார்.

எடை இயந்திரத்தின் முள் சுற்றிச் சுழன்று வளைந்தபோது, இயந்திரம் கோளாறு என்றார். புதிதாக ஒன்று வாங்கி, சோதித்துப் பார்க்க மனைவியை ஏற்றினார். அது சரியாகவே காட்டியது.

"மூட்டையோட வெயிட்ட மட்டும் கரெக்டா காட்டுது பாரு!"

"இனி நீங்க ஏறாதீங்க. பாவம், அதுக்கும் உயிர் இருக்குமில்ல" என்றாள் அவள்.

நாற்காலிகள் போயின, கட்டில் போயிற்று, லிஃப்ட் அவரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டது. எல்லாம் தசைதான் என்றார் மருத்துவர். நடுவில் காய்ச்சல் வந்து சில நாள் படுத்தபோது அவர் மளமளவென்று இளைத்ததைக் குடியிருப்பே பார்த்தது. பயிற்சியை விட்டால் எடை குறையும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எழுந்ததும் பயிற்சியை இரட்டிப்பாக்கினார்.

ஒரு நாள் காலை, பயிற்சியில் உட்கார்ந்து எழும்போது தரை உடைந்து வழிவிட்டது. இரண்டாம் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்த தலைமையாசிரியருக்கு வணக்கம் சொல்லி, முதல் மாடியில் மன்னிப்புக் கேட்டு, வண்டி நிறுத்தும் இடத்தின் கிழக்கு மூலையில் கணுக்கால்வரை தரையில் புதைந்து நின்றார். யாருக்கும் கீறல் இல்லை. ஓட்டைகளை அடைத்தார்கள், சுண்ணாம்பின் நிறம் பொருந்தவில்லை என்று மட்டும் கொஞ்சம் புகார் இருந்தது.

அந்தக் கட்டடம் கட்டிய நாள் முதல் மேற்கே சாய்ந்தே இருந்தது. தையல்காரியின் நூல்கண்டுகள் ஓயாமல் மேற்குச் சுவருக்கு உருளும். மெஷின் காலுக்கடியில் மடித்த அட்டை வைத்துத்தான் அவள் தைப்பாள். அன்று சாயங்காலம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கிழக்கு மூலையில் அவர் எடை அழுத்தியதில் கட்டடம் நெட்டுக்குத்தாக நின்றது.

மேற்பார்வையாளருக்கோ வீடு திரும்ப வேண்டும்; இந்த எடையைப் படிகள் தாங்காது. முதல்முறையாகத் தண்டாலை வெறுத்தவராய் அண்ணாந்து கத்தினார்.

"எக்சர்சைஸ விட்டுட்டேன்டி! ஒரு மாசத்துல இளைச்சு மேல வந்துடுவேன்!"

பால்கனியில் அவள் எட்டிப் பார்த்தாள்.

"வந்து என்ன செய்யப்போறீங்க? இப்பத்தான் என் மெஷின் ஆடாம ஓடுது. அங்கேயே இருங்க."

மெஷின் காலடி அட்டையை உருவி வீசினாள். அது சுழன்று சுழன்று வந்து அவர் தலையில் உட்கார்ந்தது. பிறகு, அவர் கேட்காமலேயே கண்ணாடியையும் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. அவர் ஓய்ந்து நின்றால் செயலாளர் எட்டிப் பார்க்கிறார்: "என்ன சார், இன்னிக்கு லீவா? எங்க வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குதே!" அவரோ, இவர்கள் தன் உடம்பைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். மதியம் கயிற்றில் சாப்பாட்டுக் கூடை இறங்குகிறது. கயிறு லேசானதும் அவள் மேலே இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கிறாள். நூல்கண்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது.