பானைக்குள் கூடுதலாக ஒரு சீட்டு

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. சோஷலிசமா முதலாளித்துவமா, எது மேல் என்று ஒரு சிற்றிதழில் கேட்டிருந்தார்கள். பழவேற்காடு ஏரியை உதாரணம் காட்டி நாலு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். கொழுப்புதான், வேறென்ன.

முதல் தொடக்கம்: உற்பத்திச் சாதனங்கள் எவருக்குச் சொந்தம் என்னும் கேள்வி ஏரியிலும்...

(அடித்துவிட்டேன். ஏரியில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: தெய்வநாயகி கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருப்பாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது வேறு வழியில்லை.

இவளே இருக்கட்டும்.

2

அவள் துழாவிவந்த கரையோரத் தண்ணீரைப் போன தை மாதம் ஓர் இறால் பண்ணைக்காரர் முள்வேலிக்குள் வளைத்துக்கொண்டார். கையில் பட்டா வைத்திருந்தார். (முதலாளித்துவம். கட்டுரைக்கு வில்லன் கிடைத்துவிட்டான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.)

மீதி இருப்பது ஊரார் வலைபோடும் இடங்கள். அவற்றைப் பாடு என்பார்கள். அவை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆண்டுக்கொருமுறை பெயர்களைப் பானையில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்று முறை வைப்பார்கள். மாடிவீட்டுக்காரருக்கும் ஓலைக்குடிசைக்காரருக்கும் ஒரே அளவுச் சீட்டு. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. இதோ சோஷலிசம், கட்டுரை முடிந்தது என்று...

(முடியவில்லை. கையால் பிடிப்பவர்களின் பெயர் அந்தப் பானைக்குள் ஒருநாளும் போனதில்லை.)

3

குலுக்கல் அன்று காலை தெய்வநாயகி தன் பெயரை மகள் வித்யாவிடம் எழுதி வாங்கினாள். கோயில் வாசலைப் பெருக்க வந்த சாக்கில், அங்கே வைத்திருந்த பானைக்குள் போட்டுவிட்டாள்.

ஏழாவதாக அதுவே வந்தது. ஊர்த்தலைவர் பெரியசாமி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது?"

"எம்பேருதான் தலைவரே. வேலி போட்டவன்கிட்ட சண்டைக்கு நின்னப்போ ஏரி எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொதுதாம்மா. பாடுல வலைபோடுற ஊர்ப் பங்குக்காரங்களுக்குப் பொது."

"அப்போ நான் எங்க போய்க் குந்தறது? அங்க போனா பட்டான்றான். இங்க வந்தா பங்குன்றீங்க."

பெரியசாமி கெட்டவர் இல்லை. (கெட்டவராக்கி மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், கதை பொய்யாகப் போயிற்று.) முகம் வாடிப்போய், சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடி பானைக்குள் கைவிட்டார்.

4

முடிவு அ: பண்ணையில் கூலிக்குச் சேர்கிறாள். தான் துழாவிய அதே தண்ணீரில்... (வேண்டாம்.)

முடிவு ஆ: ஊர் மனம் மாறுகிறது. இதையும் எழுதினேன். படித்துப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கதை என்னுடையது, பானையும் என்னுடையது. ஒரே வரியில் சீட்டைத் திரும்பப் போட்டுவிடலாம். போட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன், அவளுக்கு ஒரு சாண் தண்ணீர்கூடக் கிடைக்காது.

கடைசியாகப் பார்த்தபோது வேலிக்கும் ஊரார் வலைக்கும் நடுவில், ஓர் ஆள் உட்காரும் அகலத்தில் இருந்தாள். கேட்கத்தானே வந்தேன், கேட்டுவிட்டேன்: "எதும்மா மேல்?" பறி பல்லில் இருந்தது. என்னைப் பார்த்தாள். பதிலுக்காக வாயைத் திறந்தால், பிடித்த நாலு இறாலும் போய்விடும். திறக்கவில்லை.

சீட்டு இன்னும் பெரியசாமியின் பையில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பானைக்குள் போடுகிற கை உங்களுடையது என்றால், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியே மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.